அறுபத்து நான்கு கட்டப் போர் – 9: கண்ணெதிரே நின்ற குதிரை

1997 மே மாதம் நியூயார்க்கில் உலகச் சதுரங்கச் சாம்பியன் காஸ்பரோவ் கணினியிடம் வீழ்ந்த கதையைச் சென்ற வாரம் பார்த்தோம்.

வினாடிக்கு 20 கோடி நிலைகளை அலசிய டீப் ப்ளூ என்ற அந்தக் கணினி, ஆறு ஆட்டங்கள் கொண்ட போட்டியை 3.5–2.5 என்று வென்றது. இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் தோல்வியை ஒப்புக்கொண்டு எழுந்தபோது, தொடர்ந்து செக் கொடுத்து டிரா செய்ய வழி இருந்தது. அவர் பார்க்கவில்லை. இயந்திரமும் பார்த்திருக்கவில்லை. ‘இது இவ்வளவு ஓட்டையை விட்டிருக்காது’ என்று எதிரியின் மேல் அவர் வைத்த நம்பிக்கை, அரைப் புள்ளியை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டது.

ஆறாவது ஆட்டத்தில் ஒரு சிப்பாயை வரிசை மாற்றித் தள்ளினார். டீப் ப்ளூ குதிரையைப் பலி கொடுத்துக் கோட்டையைப் பிளந்தது. 19 நகர்வுகளில் எல்லாம் முடிந்தது.

அது நரம்பின் தோல்வியா, கண்ணின் தோல்வியா? இந்தக் கேள்வியோடு நிறுத்தியிருந்தோம். விடை ஒன்பது ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியின் பான் நகரில் வருகிறது. அங்கே போவதற்கு முன் நம் ஊர்க்காரர் ஒருவரோடு இத்தாலிக்குப் போய்வர வேண்டும்.

இஸ்கியா, 1998

நேப்பிள்ஸ் நகருக்கு எதிரே கடலில் இருக்கும் தீவு இஸ்கியா. 1998 ஜூலையில் சென்னையின் விஸ்வநாதன் ஆனந்த் அங்கே ஒரு கணினியின் முன் உட்கார்ந்தார். அவருக்கு வயது 28. உலகத் தரவரிசையில் காஸ்பரோவுக்கு அடுத்த இடம்.

எதிரே இருந்தது டீப் ப்ளூ போன்ற ராட்சதக் கணினி அல்ல. ரிபெல் 10 என்ற மென்பொருள், ஒரு மேசைக் கணினியில் ஓடிக்கொண்டிருந்தது. எழுதியவர் நெதர்லாந்தின் எட் ஷ்ரோடர்.

ஆனந்துக்குக் கணினி புதிதல்ல. 1994-ல் லண்டனில் நடந்த 25 நிமிட அதிவேகப் போட்டியில் செஸ் ஜீனியஸ் என்ற நிரல் காஸ்பரோவையே வெளியேற்றியது. அடுத்து கிராண்ட்மாஸ்டர் நிகோலிச்சையும் சாய்த்தது. அதன் ஓட்டத்தை நிறுத்தியவர் ஆனந்த்தான்.

இஸ்கியாவில் எட்டு ஆட்டங்கள், மூன்று விதமான கடிகாரங்கள்.

ஐந்து நிமிடமும் நகர்வுக்கு ஐந்து வினாடியும் தந்த மின்னல் ஆட்டங்கள் நான்கு. இயந்திரம் 3–1 என்று வென்றது.

பதினைந்து நிமிட ஆட்டங்கள் இரண்டு. அதிலும் இயந்திரத்துக்கு 1.5, ஆனந்துக்கு 0.5.

நாற்பது நகர்வுகளுக்கு இரண்டு மணி நேரம் தரும் முழு ஆட்டங்கள் இரண்டு. இங்கே கணக்கு தலைகீழானது. ஆனந்துக்கு 1.5, இயந்திரத்துக்கு 0.5.

மொத்தம் 5–3. ஆனந்த் தோற்றார் என்பதே உலகத்துக்குப் போய்ச் சேர்ந்த செய்தி. ஆனால் அந்த மூன்று கடிகாரங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர்களுக்கு வேறொன்று தெரிந்தது. அதே மனிதர், அதே இயந்திரம். மாறியது நேரம் மட்டும்தான். அவகாசம் கிடைத்தால் மனிதன் தன் முதல் பார்வையைத் திரும்பிப் போய்ச் சரிபார்க்கிறான். அவகாசம் இல்லையென்றால் முதல் பார்வையை நம்பியே காயைத் தொடுகிறான்.

அப்படியானால் நிறைய நேரம் இருந்தால் வல்லவன் தவறமாட்டான் என்று சொல்லிவிடலாமா? அன்று பலரும் அப்படித்தான் நம்பினார்கள்.

அம்பலப்புழையின் அரிசி

இந்தத் தொடரைத் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெருவில் இருந்து எழுதுகிறேன். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் உருவாக்கிய கடைத்தெரு இது. தலைமுறை தலைமுறையாகத் தமிழ் வியாபாரிகள் கடை போட்டிருக்கும் இடம். இங்கே யாரைக் கேட்டாலும் அம்பலப்புழைக் கோயில் பால்பாயசத்தின் கதையைச் சொல்வார்கள்.

முனிவர் வேடத்தில் வந்த கிருஷ்ணன் ராஜாவோடு சதுரங்கம் ஆடி ஜெயித்தான். பரிசாகக் கேட்டது அரிசி. முதல் கட்டத்துக்கு ஒரு மணி, அடுத்ததற்கு இரண்டு, அதற்கடுத்து நான்கு. இப்படி 64 கட்டங்களுக்கும் இரட்டித்துக்கொண்டே போனால் வரும் எண் 1,84,46,74,40,73,70,95,51,615. ராஜாவின் களஞ்சியம் காலியானது. கடனைத் தவணையாகத் தீர்க்கத்தான் கோயிலில் இன்றும் பாயசம் வழங்குகிறார்கள் என்பது ஐதீகம்.

சதுரங்க நிரல் எழுத முனைந்தவர்கள் முட்டிக்கொண்ட சுவரும் இதுதான். ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் சாத்தியம். அதற்கு எதிரியின் பதில்கள் 35. ஆளுக்கு இரண்டு நகர்வு முடிவதற்குள் 15 லட்சம் வழிகள் கிளைத்துவிடும். இயந்திரம் வேண்டாத கிளைகளை வெட்டக் கற்றது. மிச்சத்தை ஒன்றுவிடாமல் எண்ணியது.

மனிதன் எண்ணுவதில்லை. சாலைக் கடைத்தெருவில் அரிசி மொத்த வியாபாரி மூட்டையை எப்படிப் பார்க்கிறார்? குத்தூசியைச் சாக்கில் செருகி இழுப்பார். உள்ளங்கையில் விழும் ஒரு பிடியை விரலால் பரப்பி, இரண்டு மணியைக் கடித்துப் பார்த்து, விலை சொல்லிவிடுவார். நாற்பது வருடப் பழக்கம் அந்த ஒரு பிடியில் இருக்கிறது. மூட்டையைக் கவிழ்த்து ஒவ்வொரு மணியாகப் பார்க்கிறவன் அவரிடம் வியாபாரத்தில் போட்டி போட முடியாது. ஆனால் ஊசி போகாத மூலையில் ஒரு கல் கிடந்தால், அதைக் கண்டெடுப்பவன் அவன்தான்.

நெதர்லாந்து உளவியலாளர் அத்ரியான் டி குரூட் இதைத்தான் ஆய்வில் கண்டார். அலெகின், யூவே, கேரஸ் போன்ற அக்காலத்துப் பெரும் ஆட்டக்காரர்களை ஒரு நிலையின் முன் உட்காரவைத்து, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். 1946-ல் வெளியான அவருடைய ஆய்வின் முடிவு பலரையும் வியக்கவைத்தது. உச்சத்தில் இருப்பவர்கள் மற்ற நல்ல ஆட்டக்காரர்களைவிட அதிக ஆழம் எண்ணுவதில்லை. சரியான இடத்தை முதலிலேயே பார்த்துவிடுகிறார்கள்.

பார்க்க வேண்டியதைப் பார்ப்பது என்றால், பார்க்க வேண்டாததை ஒதுக்குவது என்றும் பொருள். வல்லவனின் பலம் அந்த ஒதுக்கலில் இருக்கிறது. அவன் விழும் குழியும் அங்கேயே இருக்கிறது.

பஹ்ரைனில் ஒரு முன்னெச்சரிக்கை

2002 அக்டோபர். பஹ்ரைனில் ரஷ்யாவின் விளாதிமிர் கிராம்னிக், டீப் ஃபிரிட்ஸ் என்ற நிரலோடு எட்டு ஆட்டங்கள் ஆடினார். காஸ்பரோவை 2000-ல் வீழ்த்திப் பட்டம் பறித்தவர் அவர். இரும்புத் தற்காப்பு, நிதானம், அவசரமே தெரியாத கை.

நான்கு ஆட்டங்கள் முடிந்தபோது கிராம்னிக் 3–1 என்று முன்னால் இருந்தார். ராணிகளைச் சீக்கிரம் வெட்டிக்கொண்டு, இயந்திரத்துக்குப் புரியாத அமைதியான முடிவாட்டங்களுக்கு இழுத்துச் சென்றார்.

ஐந்தாவது ஆட்டம், 34-வது நகர்வு. ராணியை ஒரு கட்டத்தில் வைத்தார். டீப் ஃபிரிட்ஸின் குதிரை செக் கொடுத்துத் தாவியது. அடுத்த நொடியே கிராம்னிக் தோல்வியை ஒப்புக்கொண்டார்.

ஆறாவது ஆட்டத்தில் தானே ஒரு குதிரையைப் பலி கொடுத்துத் தாக்கினார். அதுவும் தோல்வியில் முடிந்தது. கடைசியில் போட்டி 4–4. அந்த ஒரு தாவலைச் சோர்வு என்று சொல்லி உலகம் கடந்துபோனது.

கடந்துபோயிருக்கக் கூடாது.

பான், 2006 நவம்பர் 27

நான்கு ஆண்டுகள் ஓடின. 2006 அக்டோபரில் கிராம்னிக் மறுதரப்புச் சாம்பியன் தொபலோவை வென்று, பிளவுபட்டிருந்த உலகப் பட்டத்தை ஒன்றாக்கினார். அடுத்த மாதமே பான் நகரின் கலைக் கண்காட்சி அரங்கில் டீப் ஃபிரிட்ஸ் 10 காத்திருந்தது. ஆறு ஆட்டங்கள். ஆடினாலே 5 லட்சம் டாலர். வென்றால் 10 லட்சம்.

இந்தமுறை இயந்திரம் வினாடிக்கு ஏறத்தாழ 80 லட்சம் நிலைகளைத்தான் அலசியது. டீப் ப்ளூவின் வேகத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. ஆனால் ஒன்பது ஆண்டுகளில் அதற்கு எதை வெட்ட வேண்டும், எதைத் தொடர வேண்டும் என்ற அறிவு வளர்ந்திருந்தது.

முதல் ஆட்டம் டிரா. இரண்டாவது ஆட்டத்தில் கிராம்னிக்குக் கறுப்புக் காய்கள்.

ஆட்டம் அவருக்கு நன்றாகவே போனது. பலகையின் இடது ஓரத்தில் அவருடைய சிப்பாய்கள் இரண்டு முன்னேறி நின்றன. ராணிகள் வெட்டுப்பட்டுவிட்டால் அந்தச் சிப்பாய்களும் பிஷப்பும் சேர்ந்து ஆட்டத்தை வென்று தந்துவிடும் என்பது அவர் கணக்கு. டிராவாவது கையில் இருந்தது. அவர் வெற்றிக்கு முயன்றார்.

காய்கள் வேகமாக வெட்டுப்பட்டன. 34-வது நகர்வில் டீப் ஃபிரிட்ஸின் குதிரை எஃப்8 கட்டத்தில் இருந்த கறுப்பு யானையை வெட்டி அங்கேயே நின்றது. கறுப்பு ராஜா மூலையில், எச்8-ல். வெள்ளை ராணி பலகையின் நடுவே, இ4-ல்.

கிராம்னிக் தன் ராணியைத் தூக்கி இ3-ல் வைத்தார். வெள்ளை ராணிக்கு நேர் எதிரே. ‘வா, வெட்டிக்கொள்வோம்’ என்ற அழைப்பு அது.

வைத்துவிட்டு அமைதியாக எழுந்தார். கோப்பையை எடுத்துக்கொண்டு ஓய்வறையை நோக்கி நகர்ந்தார்.

எதிர் நாற்காலியில் இயந்திரத்துக்காகக் காய் நகர்த்தியவர் மத்தியாஸ் ஃபைஸ்ட். அவர் திரையைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். நகர்வைத் தவறாகப் பதிந்துவிட்டோமோ என்ற ஐயம் அவருக்கு. திரையில் இருந்தது: ஒரே நகர்வில் செக்மேட்.

வெள்ளை ராணி எச்7-க்குச் சென்றது. ராஜாவால் அதை வெட்ட முடியாது. குதிரை அதற்குக் காவல் நின்றது. ஓட இடமில்லை. மறைக்கவும் வழியில்லை.

கிராம்னிக் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். உட்கார்ந்து தாளில் கையெழுத்திட்டார். பிறகு பத்திரிகையாளர்களையும் சந்தித்தார். அந்தத் திட்டத்தைச் சில நகர்வுகளுக்கு முன்பே போட்டுவிட்டதாகவும், திரும்பத் திரும்பச் சரிபார்த்ததாகவும், உடம்பும் மனமும் தெளிவாகவே இருந்ததாகவும் சொன்னார். எப்படி நடந்தது என்று அவரால் விளக்க முடியவில்லை.

கடிகாரம் அவரை நெருக்கவில்லை. இஸ்கியாவில் கிடைத்த விடை பானில் போதவில்லை.

திரும்பத் திரும்பப் பார்த்தும் ஏன் தெரியவில்லை?

ஒரே நகர்வில் வரும் மேட்டைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் பார்த்துவிடும் என்று அன்று உலகம் சிரித்தது. அந்தச் சிரிப்பு நியாயமற்றது என்பது என் உறுதியான எண்ணம். பள்ளிக்கூடப் பிள்ளை பார்த்துவிடும் என்பது உண்மையே. கிராம்னிக் பார்க்காததற்கான காரணமும் அதிலேயே இருக்கிறது.

பிள்ளை பலகையை அந்த நொடியில் இருக்கிறபடி பார்க்கிறது. கிராம்னிக் பலகையை ஐந்து நகர்வுகளுக்கு முன்பே மனதில் பார்த்துவிட்டார். அந்த மனப் பலகையில் எச்7 பத்திரமான கட்டம். வெள்ளை ராணி தனியாக அங்கே வந்தால் ராஜா வெட்டிவிடும். ஆபத்தில்லை என்று ஒருமுறை முத்திரை குத்தியாகிவிட்டது. அதற்குப் பிறகு திரும்பத் திரும்பச் சரிபார்த்தது தன் திட்டத்தை. அந்த முத்திரையை அல்ல.

சோவியத் கிராண்ட்மாஸ்டரும் உளவியலாளருமான நிக்கலாய் குரோகியஸ் இத்தகைய பிழையைப் பல ஆண்டுகளுக்கு முன்பே வகைப்படுத்தியிருந்தார். பழைய நிலையின் படம் மனதில் தங்கிவிடுகிறது. பலகை மாறிய பிறகும் அந்தப் பழைய படமே கண்ணுக்கு முன் நிற்கிறது என்றார்.

இன்னொரு காரணம் அந்தக் குதிரை. ராஜாவுக்குப் பக்கத்துக் கட்டமான எச்7-ஐத் தாக்கும் குதிரைகள் பெரும்பாலும் எஃப்6-லும் ஜி5-லும்தான் வந்து நிற்கும். லட்சம் ஆட்டங்களில் அப்படிப் பார்த்த கண், எஃப்8-ல் நிற்கும் குதிரையைத் தாக்குதலாகக் கணக்கில் எடுப்பதில்லை. யானையை வெட்டிவிட்டு வேலை முடிந்த காய் அது என்று ஒதுக்கிவிடுகிறது.

1973-ல் அமெரிக்காவில் வில்லியம் சேஸும் ஹெர்பர்ட் சைமனும் செய்த சோதனை நினைவுக்கு வருகிறது. உண்மையான ஆட்டத்தின் நிலையைச் சில வினாடிகள் காட்டினால், வல்லவர் கிட்டத்தட்ட அப்படியே திரும்ப அடுக்கிவிடுவார். காய்களைத் தாறுமாறாகப் பரப்பிக் காட்டினால் அவருடைய மேன்மை பெரும்பகுதி காணாமல் போய்விடும். அவர் காய்களைத் தனித்தனியாகப் பார்ப்பதில்லை; பழகிய கூட்டங்களாகப் பார்க்கிறார். பழகாத கூட்டம் வந்தால் அவரும் நம்மைப் போலத்தான்.

மூன்றாவது காரணம் எதிர் நாற்காலி. மனிதன் எதிரே இருந்தால் அவன் மூச்சு மாறும், தோள் நிமிரும், கை பலகையை நோக்கி நீளத் துடிக்கும். அந்தச் சைகைகள் ஆட்டக்காரனை உலுக்கி எழுப்புவது உண்டு. ஃபைஸ்டின் முகம் மாறியது நிஜம். ஆனால் கிராம்னிக் ஆடியது அவரோடு அல்லவே.

மிச்சமிருந்த ஆட்டங்களில் மூன்று டிரா. கடைசி ஆட்டத்தில் வெற்றி தேவைப்பட்டதால் துணிந்து ஆடித் தோற்றார். முடிவு 4–2. அதற்குப் பிறகு பட்டம் வைத்திருக்கும் எந்த உலகச் சாம்பியனும் இத்தகைய பெரும்போட்டியில் இயந்திரத்தின் எதிரே உட்காரவில்லை.

அதே அரங்கம், அதே கட்டம்

2008 அக்டோபர். பான் நகரின் அதே கலைக் கண்காட்சி அரங்கம். நாற்காலியில் மறுபடியும் கிராம்னிக். எதிரே இம்முறை ஆனந்த். உலகச் சாம்பியன் பட்டத்துக்கான போட்டி.

ஆனந்த் இயந்திரத்தோடு மோதுவதை எப்போதோ விட்டுவிட்டிருந்தார். அதைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டிருந்தார். நீல்சன், காசிம்ஜானோவ், வோய்தாஷெக், நம் நாட்டின் சூர்ய சேகர் கங்குலி ஆகியோர் அடங்கிய குழு, கணினிகளின் துணையோடு பல மாதங்கள் உழைத்தது. மனிதக் கண்ணுக்கு ஆபத்தாகத் தெரியும், கணக்குப் போட்டால் மட்டுமே தாங்கும் நிலைகளைத் தேடி எடுத்தது.

மூன்றாவது ஆட்டத்தில் கறுப்புக் காய்களோடு அப்படி ஒரு நிலைக்குள் கிராம்னிக்கை இழுத்துச் சென்று ஆனந்த் வென்றார். ஐந்தாவது ஆட்டத்தில் அதே வழியை மறுபடி திறந்தார்.

29-வது நகர்வில் கிராம்னிக் ஒரு சிப்பாயைக் குதிரையால் வெட்டினார். இலவசமாகக் கிடைத்த சிப்பாய் என்று எண்ணினார். அடுத்தடுத்து வெட்டுகள். 34-வது நகர்வில் ஆனந்தின் குதிரை ஒரு கட்டத்தில் போய் உட்கார்ந்தது. அதை வெட்டினால் கறுப்புச் சிப்பாய் ராணியாவதைத் தடுக்க முடியாது. அடுத்த நகர்வில் ஆட்டம் முடிந்தது.

அந்தக் கட்டம் இ3. இரண்டு ஆண்டுகளுக்கு முன், இதே அரங்கில், இதே 34-வது நகர்வில் கிராம்னிக் தன் ராணியை வைத்த அதே கட்டம்.

எண்கள் பொருந்தியது தற்செயல். பிழை தற்செயல் அல்ல. பழகிய பாதையை விட்டு விலகிய நிலை, நீண்ட வெட்டுத் தொடர், அதன் முடிவில் எதிர்பாராத கட்டத்தில் ஒரு குதிரை: எதிரே இயந்திரம் இல்லாதபோதும் கிராம்னிக் அதே பள்ளத்தில் விழுந்தார். பள்ளம் இருக்கும் இடத்தை ஆனந்துக்குக் காட்டிக்கொடுத்ததில் இயந்திரத்துக்குப் பங்கு இருந்தது.

6.5–4.5. பட்டத்தை ஆனந்த் தக்கவைத்துக்கொண்டார்.

இனி?

இஸ்கியாவில் ஆனந்த் ஆடிய அதே 1998-ல், இங்கே திருவனந்தபுரத்தில் பிறந்தவர் எஸ்.எல். நாராயணன். 2015-ல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவருடைய தலைமுறைக்குக் கணினி வீட்டுக்குள்ளேயே இருந்தது. எந்த நகர்வு பிழை என்று கேட்டால் நொடியில் சொல்லிவிடும் ஆசான் அது.

சென்னையில் வேறொரு பயிற்சியாளர் எதிர்த்திசையில் நடந்தார். விஷ்ணு பிரசன்னா தன் மாணவன் குகேஷைத் தொடக்க ஆண்டுகளில் இயந்திரத்தின் பக்கமே அண்டவிடவில்லை. முதலில் சொந்தக் கண்ணால் பார், சொந்தமாகக் கணக்குப் போடு என்றார். அந்தப் பிள்ளை 2024 டிசம்பரில் சிங்கப்பூரில், எதிராளி டிங் லிரென் கடைசி ஆட்டத்தின் 55-வது நகர்வில் செய்த பிழையைப் பிடித்து, 18 வயதில் உலகச் சாம்பியன் ஆனான்.

ஆனந்த் இயந்திரத்தை அறைக்குள் அழைத்துவந்து வென்றார். விஷ்ணு பிரசன்னா அதை வாசலிலேயே நிறுத்திவைத்து ஒரு சாம்பியனை வளர்த்தார். பிழையைச் சுட்டிக்காட்டும் ஆசானிடம் வளரும் பிள்ளைக்கு, தானே பிழையைத் தேடும் கண் கூர்மையாகுமா, மழுங்குமா?

(அடுத்த வாரம்: வாசலில் நிறுத்தப்பட்ட இயந்திரம்)